இருநூறு டிகிரி தாங்கும் கூடு

எங்கள் கம்பெனியின் பின்பக்கம் நின்ற மொட்டைப் பனைக்கு ஒரு நாள் சிவப்பு அட்டை கட்டியிருந்தார்கள். இடுப்பு உயரத்தில், கேபிள் டை போட்டு, இறுக்கமாக. அதைப் பார்த்ததும் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

தொழிற்சாலைக்குள் கால் வைக்காதவர்களுக்குச் சிவப்பு அட்டை என்றால் என்னவென்று சொல்லிவிடுகிறேன். வேலைக்கு ஆகாத பொருள் எதுவும் ஷெட்டுக்குள் கிடக்கக் கூடாது என்பது சட்டம். துருப்பிடித்த ஸ்டூல், சக்கரம் கழன்ற டிராலி, யாரும் தொடாத பழைய அச்சு என்று எது கண்ணில் பட்டாலும் அதில் ஒரு சிவப்பு அட்டை கட்டுவார்கள். அது வேண்டும் என்கிற ஆள் வந்து, எதற்காக வேண்டும் என்று அட்டையிலேயே எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். யாரும் வராவிட்டால் பொருள் ஸ்கிராப்புக்குப் போய்விடும். நல்ல பழக்கம்தான். நானே எத்தனையோ அட்டை கட்டியிருக்கிறேன். ஆனால் மண்ணில் வேர் விட்டு நிற்கிற ஒன்றுக்கும் அதைக் கட்டலாம் என்று யாருக்குத் தோன்றியது என்பது எனக்குத் தெரிந்தாக வேண்டியிருந்தது.

அம்பத்தூர் எஸ்டேட்டில் வண்டிகளுக்குத் தகட்டுப் பாகங்கள் அடித்துக் கொடுக்கிற கம்பெனி எங்களுடையது. நான் அங்கே தரப் பரிசோதனையில் இருக்கிறேன். ஒரு பாகம் முதன்முதலாக அடித்து வரும்போது அதை அளந்து பார்த்து, சரியென்றால் ஓ.கே. ஸ்டிக்கர் ஒட்டுவேன், இல்லையென்றால் தூக்கிப் போடுவேன். நான் தூக்கிப் போடுவதுதான் அதிகம் என்று உற்பத்திப் பிரிவில் சொல்லிக்கொள்வார்கள். வாயாடி என்றும் சொல்வார்கள். பிரஸ் சத்தத்தில் எனக்குக் கேட்காது என்று நினைப்பு.

அந்தப் பின்பக்க இடம் இரண்டாவது ஷெட் போடுவதற்கென்று ஆரம்பத்திலேயே வாங்கிப் போட்டது. ஷெட் வரவே இல்லை. எருக்கும் கருவேலமும் இஷ்டத்துக்கு வளர்ந்தன. மழைநீர்க் கால்வாய் ஓரமாகக் கோரை மண்டியது. நடுவில் ஒரு பள்ளம் உண்டு. ஐப்பசியில் நிரம்பினால் தை வரைக்கும் தண்ணீர் நிற்கும். அதில் தவளைகள் கத்தும், தவளைக்குத் தண்ணீர்ப் பாம்பு வரும், பாம்புக்குக் கீரி வரும். கோரைக்குள்ளிருந்து கானாங்கோழி ஒன்று குஞ்சுகளைக் கூட்டிக்கொண்டு, ஏதோ பட்டா வாங்கின மாதிரி, குறுக்கே நடந்து போகும். இவற்றில் எதற்கும் எங்கள் கம்பெனி ஒரு துரும்பைக்கூடக் கிள்ளிப் போட்டதில்லை. அப்படி ஓர் இடம் இருப்பதையே மறந்திருந்தது. இத்தனை வருடங்களில் எங்கள் நிர்வாகம் மற்ற உயிர்களுக்குச் செய்த ஒரே உபகாரம் அந்த மறதிதான். அதற்கும் கடைசியில் கேடு வந்தது.

கேன்டீன் இரைச்சல் எனக்கு ஆகாது. டிபன் பாக்ஸை எடுத்துக்கொண்டு மதியம் அங்கே போய், கவிழ்த்துப் போட்ட ஒரு மரப் பெட்டியில் உட்கார்ந்து சாப்பிடுவேன். எதிரில்தான் அந்தப் பனை. எப்போதோ இடி விழுந்து தலை போய்விட்டது. தண்டு மட்டும் கறுத்துப்போய் நின்றது. அதன் மேல் பாதியில் ஒரு பொந்து, பொந்துக்குள் ஒரு ஜோடிப் பச்சைக்கிளி. தை பிறந்ததும் பெண்கிளி உள்ளே போய் உட்கார்ந்துவிடும். ஆண்கிளி வந்து வந்து ஊட்டிவிட்டுப் போகும். அவள் தலையை மட்டும் வெளியே நீட்டி என்னையும் என் சாப்பாட்டையும் பார்ப்பாள்.

நான் ஒன்றும் பறவைகள் என்றால் உருகுகிறவள் இல்லை. நூம்பல் கிராமத்தில் பயிர் வைத்த குடும்பம் எங்களுடையது. எங்களுக்குக் கிளி என்றால் எதிரி. கதிர் முற்றுகிற நேரத்தில் கூட்டமாக இறங்கினால், அப்பா தகர டப்பாவைத் தட்டிக்கொண்டே அச்சில் ஏற்ற முடியாத வார்த்தைகளால் அவற்றைத் திட்டுவார். அந்த நிலம் இன்று அடுக்குமாடி. விற்றதில்தான் நாங்களும் மாடி கட்டினோம், அதற்காக நான் மூக்கைச் சிந்துவதும் இல்லை. ஆனால் எதிரியாக இருந்தாலும் குஞ்சு பொரித்திருக்கும்போது பொந்தில் கை வைக்கக் கூடாது என்பது எங்கள் வீட்டில் யாரும் சொல்லித்தர வேண்டிய விஷயமாக இருந்ததில்லை. அப்பாகூட அந்த நாட்களில் டப்பாவை மட்டும்தான் தட்டினார்.

எல்லாம் ஒரு கேள்வியில் ஆரம்பித்தது. வெளிநாட்டுக் கஸ்டமர் ஒருவர், உங்கள் வளாகத்தில் பல்லுயிர்களைப் பாதுகாக்க என்ன செய்கிறீர்கள் என்று கேட்டு அனுப்பியிருந்தார். ‘ஒன்றுமே செய்யவில்லை, அதனால் அவை நன்றாக இருக்கின்றன’ என்பதுதான் நேர்மையான பதில். அதை எழுதும் துணிச்சல் எங்கள் நிர்வாக மேலாளருக்கு இல்லை. ஆவடி ராணுவக் குவார்ட்டர்ஸில் வளர்ந்தவர் அவர். எதையும் வரிசையாக நிறுத்தி, கோடு போட்டு, எண் கொடுத்தால்தான் அவருக்கு நிம்மதி. கெட்டவர் என்று சொல்ல மாட்டேன். கெட்டவராக இருந்திருந்தால் சண்டை போட்டு ஜெயித்திருக்கலாம்.

அவர் ஒரு பசுமைக் குழு அமைத்தார். பின்பக்க இடத்தைப் பல்லுயிர்ப் பூங்கா ஆக்குவதாகத் திட்டம். அதாவது, அங்கே இருக்கிற உயிர்களையெல்லாம் விரட்டிவிட்டு, பள்ளத்தை மண் போட்டு மூடி, புல்தரை விரித்து, ஜல்லி நடைபாதை போட்டு, தகட்டில் வெட்டின வண்ணத்துப்பூச்சிகளை நிறுத்தி, பறவைகள் வந்து தங்குவதற்குக் கம்பங்களில் பெட்டிகள் வைப்பது. திரையில் படங்கள் ஓட ஓடக் குழு கை தட்டியது. பள்ளத்தில் இருக்கிற தவளைகள் எங்கே போகும் என்று கேட்டேன். அவை தானாகவே போய்விடும் மேடம் என்றார். எங்கே என்று அவரும் சொல்லவில்லை, வேறு யாரும் கேட்கவும் இல்லை.

சில நாள் கழித்து அந்தப் பறவைப் பெட்டியின் முதல் பீஸை மேலாளரே என் மேஜைக்கு எடுத்து வந்தார். நாம் தகட்டுக் கம்பெனி, நம் கைத்திறமை தெரிய வேண்டும் என்று டூல் ரூமில் சொல்லி இரும்புத் தகட்டிலேயே செய்ய வைத்திருந்தார். பொய் சொல்லக் கூடாது, வேலை சுத்தம். மூலைகள் நேராக இருந்தன. விளிம்பில் பிசிறு இல்லை. வாசலுக்கு வெட்டிய துளை துளிகூட வட்டம் தப்பவில்லை. பின்னால் ஸ்க்ரூ வைத்த மூடி. மேலே கிளிப்பச்சையில் பவுடர் கோட்டிங், நெற்றியில் கம்பெனி முத்திரை. ஒரு கார் கதவுக்குக் காட்டுகிற அக்கறையை அதில் காட்டியிருந்தார்கள். அத்தனை பேரில் ஒருவருக்கும் இது வெயிலில் நிற்கப்போகிற இரும்பு என்று தோன்றவில்லை.

சுடுமே சார் என்றேன்.

“மேடம், பவுடர் கோட்டிங் இருநூறு டிகிரி வரைக்கும் தாங்கும். உங்களுக்குத் தெரியாததா?” என்றார்.

பெயிண்ட் தாங்கும், உள்ளே இருப்பது தாங்குமா என்று கேட்டதற்குச் சிரித்தார். எனக்கு எதிலும் ஒரு குறை கண்டுபிடித்தாக வேண்டும் என்று பக்கத்தில் இருந்தவரிடம் சொன்னார். நான் ஸ்டிக்கர் ஒட்ட மாட்டேன் என்று பெட்டியைத் தள்ளி வைத்தேன். இது கஸ்டமருக்குப் போகிற பாகம் இல்லை, இதற்கு ஸ்டிக்கரே தேவையில்லை என்று எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

அதற்கு அடுத்த வாரம்தான் பனைக்குச் சிவப்பு அட்டை வந்தது. பார்வையை மறைக்கிறதாம், செத்த மரமாம், யாருக்கும் உபயோகம் இல்லையாம். சட்டம் என்றால் எனக்கும் அதுதான். பேனாவை எடுத்து, உபயோகம் என்று போட்டிருந்த கட்டத்தில் ‘கிளி குடியிருக்கிறது’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். நேராக மேலாளர் அறைக்குப் போய், உள்ளே குஞ்சு பொரித்திருக்கிறது, சத்தம் கேட்கிறது, அவை பறந்து போகிறவரைக்கும் மரத்தில் கை வைக்காதீர்கள் என்று சொன்னேன். என் குரல் எனக்கே அந்நியமாகக் கேட்டது. அந்த அறையில் நான் எதையும் கேட்டு நின்றதில்லை. அவர் முகம் மலர்ந்துவிட்டது. நம் வளாகத்திலேயே கிளி இனப்பெருக்கம் செய்கிறதா, அறிக்கையில் சேர்க்கலாமே என்றார். குஞ்சுகளுக்கு ஒன்றும் ஆகாது, அது என் பொறுப்பு என்றும் சொன்னார். நான் நம்பிவிட்டேன்.

மாங்காட்டில் நாத்தனார் மகளுக்குக் கல்யாணம். லீவு போட்டுவிட்டுப் போய்விட்டு, திங்கட்கிழமை வேலைக்கு வந்தேன். வந்ததும் வராததுமாக அவசர பீஸ்கள். அன்று தலைமை அலுவலகத்திலிருந்து ஒரு பெரியவர் பூங்காவைப் பார்க்க வருகிறார் என்று காதில் விழுந்தது, நிமிர நேரமில்லை. மதியம் டிபன் பாக்ஸோடு பின்பக்கம் போனபோதுதான் பார்த்தேன். எருக்கு இல்லை, கோரை இல்லை, பள்ளம் இல்லை. சிவப்பாக மண் கொட்டிச் சமப்படுத்தியிருந்தார்கள். பனை இல்லை. இரண்டு கிளிகளும் கத்திக்கொண்டிருந்தன. பொந்து எந்த உயரத்தில் இருந்ததோ அதே உயரத்துக்குப் பறந்து வந்து, அங்கே ஒன்றும் இல்லாமல் திரும்பிப் போய், மறுபடியும் அதே இடத்துக்கு வந்தன. சுற்றிலும் வெட்டவெளியில் கம்பங்கள், கம்பத்துக்கு ஒரு பச்சைப் பெட்டி.

ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிற அண்ணன் கம்பத்தடியில் வண்டியை நிறுத்திவிட்டு நின்றிருந்தார். கம்பெனி ஆரம்பித்த நாளிலிருந்து இருப்பவர். கிளிக்குஞ்சுகள் எங்கே என்று அவர் சட்டையைப் பிடிக்காத குறையாகக் கேட்டேன்.

“இன்னாம்மா, கல்யாணத்துக்குப் போய் வந்து இப்பிடி கத்தற? குஞ்சுங்க பத்திரமாத்தான் கீது. காலீல மரத்த சாச்சதும் நான்தான் பொந்துல கைய உட்டு எடுத்தேன். மெஷின் தொடைக்கிற பனியன் வேஸ்ட் போட்டு மெத்துனு வச்சிக்கீறேன். தோ பாரு, புது ஊடு.”

அவர் காட்டியது நடுக் கம்பத்துப் பெட்டியை. பங்குனி வெயில் அதன் மேல் நேராக இறங்கிக்கொண்டிருந்தது. காலையிலிருந்து இறங்கியிருக்க வேண்டும். உடனே இறக்குங்கள் அண்ணே என்றேன். மேனேஜர் சொல்லாமல் தொட்டால் வேலை போய்விடும் என்றார். அவர் சொல்லி முடிப்பதற்குள் மேலாளரே வந்துவிட்டார், கூடவே தலைமை அலுவலகப் பெரியவர், பின்னால் படம் எடுக்கிறவர்.

மேலாளர் என்னைப் பார்த்ததும் சந்தோஷமாக அறிமுகம் செய்து வைத்தார். இவர்தான் பெட்டியின் முதல் பீஸைப் பார்த்தவர் என்றார். நான் அதைத் தள்ளி வைத்ததைச் சொல்லவில்லை. மரத்தில் இருந்த குஞ்சுகளைப் பாதுகாப்பாக இடம் மாற்றியிருக்கிறோம் என்று பெரியவரிடம் அவர் விளக்கியபோது அவர் குரலில் உண்மையாகவே பெருமை இருந்தது.

“சார், அந்தப் பெட்டியைக் கீழே இறக்கச் சொல்லுங்க. இறக்கி, உங்க கையை உள்ளே விட்டுப் பாருங்க” என்று மேலாளரிடம் சொன்னேன்.

பெரியவருக்கும் பார்க்க ஆசை போல. தலையசைத்தார். அண்ணன் ஏறிக் கழற்றி, சாக்குத் துணியைச் சுற்றிப் பிடித்துக்கொண்டு இறங்கினார். வெறும் கையால் பிடிக்க முடியவில்லை. மேலாளர் படம் எடுப்பவர் பக்கம் முகத்தைத் திருப்பி, புன்னகையோடு வாசல் துளைக்குள் கையை விட்டார். விட்ட வேகத்தில் வெளியே இழுத்துக்கொண்டார். புன்னகை மட்டும் கொஞ்ச நேரம் அங்கேயே இருந்தது.

பின்பக்க ஸ்க்ரூவைக் கழற்றி மூடியைத் திறந்தது நான்தான். மூன்று குஞ்சுகள். இறக்கையில் அப்போதுதான் பச்சை முளைவிட ஆரம்பித்திருந்தது. மூன்றும் வாசல் துளையின் பக்கமாகவே நெருக்கியடித்து, அலகைத் திறந்தபடி செத்துக் கிடந்தன. பனியன் வேஸ்ட் புதுசாக, அழுக்கில்லாமல் இருந்தது. தலைக்கு மேலே தாய்க்கிளி கத்துவது நிற்கவில்லை.

பெரியவர் பெட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அவரும் எஞ்சினியர்தான். “காத்து போக வழியே இல்லையே. வென்டிலேஷன் குடுத்திருக்கணும்” என்றார். மேலாளர் குறித்துக்கொண்டார். அந்த நிமிஷம் அவர்கள் இரண்டு பேரையும் அந்தப் பெட்டிக்குள் போட்டு மூடி வைக்க முடிந்தால் நான் வைத்திருப்பேன், இதில் எனக்கு இன்றும் வெட்கமில்லை. குஞ்சுகளை அண்ணனும் நானும் மதில் ஓரம் புதைத்தோம். “நல்லதுன்னுதாம்மா செஞ்சேன்” என்று அவர் சொன்னார். ஸ்கிராப் யார்டில் பனை துண்டு துண்டாகக் கிடந்தது. ஒரு துண்டில் சிவப்பு அட்டை அப்படியே இருந்தது, என் கையெழுத்தோடு.

மறுநாள் கூட்டம் போட்டார்கள். எங்களிடம் ஒரு முறை உண்டு. எந்தப் பிழை நடந்தாலும் வெள்ளைப் பலகையில் அதை எழுதி, அதன் கீழே ஐந்து முறை ‘ஏன்’ என்று கேட்க வேண்டும். ஐந்தாவது பதிலில் வேர் அகப்பட்டுவிடும் என்று நம்பிக்கை. மேலாளரே எழுதினார். குஞ்சுகள் ஏன் இறந்தன? சூட்டினால். ஏன் சூடு? காற்று போகவில்லை. ஏன் போகவில்லை? துளைகள் இல்லை. ஏன் இல்லை? வரைபடத்தில் இல்லை. ஏன் வரைபடத்தில் இல்லை? வடிவமைக்கும்போது யாரும் கேட்கவில்லை. தீர்வு: இரண்டு பக்கமும் ஒரு வரிசைத் துளை. பிரச்சினை முடிந்தது என்று அடியில் கோடு போட்டார்.

நான் எழுந்தேன். இன்னொரு ஏன் பாக்கி இருக்கிறது என்றேன். மரத்தில் இருந்த குஞ்சுகள் ஏன் பெட்டிக்குள் வந்தன, அதையும் எழுதுங்கள் என்றேன்.

“அது இந்த அனாலிசிஸ்ல வராது மேடம்.”

“தொட மாட்டேன்னு சொன்னீங்களே சார்.”

“குஞ்சுங்களுக்கு ஒண்ணும் ஆகாதுன்னுதான் சொன்னேன். அதுக்குத்தானே ஷிஃப்ட் பண்ணோம். லே-அவுட் மாத்தும்போது மெஷினை ஷிஃப்ட் பண்றதில்லையா?”

மேஜையைச் சுற்றி இருந்தவர்கள் அவரவர் பேனாவைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர் என்னை ஏமாற்றவில்லை, அதுதான் பயங்கரம். மனப்பூர்வமாகவே கேட்டார். பூமியில் எந்தப் பொருளையும் போல்ட்டைக் கழற்றி இன்னோர் இடத்தில் முடுக்கிவிடலாம் என்று முப்பது வருஷமாக நம்பி, அந்த நம்பிக்கைக்காகச் சம்பளமும் வாங்கிய மனிதர் அவர். அவரிடம் நான் எந்த அளவுகோலை நீட்டுவது? உட்கார்ந்துவிட்டேன்.

அறிக்கை கஸ்டமருக்குப் போனது. புல்தரை, நடைபாதை, தகட்டு வண்ணத்துப்பூச்சி, துளை போட்ட பெட்டிகள், எல்லாவற்றுக்கும் படம். முன்னுதாரணமான முயற்சி என்று அவர்கள் பாராட்டி அனுப்பியதைச் சட்டம் போட்டு வரவேற்பறையில் மாட்டியிருக்கிறார்கள். இப்போது பின்பக்கத்தில் மதியம் ஒரு சத்தமும் இல்லை. ஸ்பிரிங்க்ளர் மட்டும் சுற்றுகிறது. நான் கேன்டீனிலேயே சாப்பிடுகிறேன்.

இத்தோடு விட்டிருந்தால்கூடப் பொறுத்திருப்பேன். பெட்டியில் குறை இருப்பதை முதலில் சுட்டிக்காட்டியது நான்தான் என்று, அந்த வருடத்தின் சிறந்த மேம்பாட்டு யோசனைக்கான பரிசை எனக்குக் கொடுத்தார்கள். எல்லோர் முன்னாலும் மேடைக்குக் கூப்பிட்டார்கள். போகக் கூடாது என்று நினைத்தேன், பெயரைத் திரும்பத் திரும்பக் கூப்பிட்டதில் போனேன். மேலாளர் இரண்டு கையாலும் பரிசை நீட்டினார். பச்சைப் பெட்டி. இரண்டு பக்கமும் துளைகள், நெற்றியில் முத்திரை, அதன் கீழே என் பெயர்.

அது இப்போது நூம்பலில் எங்கள் வீட்டு மொட்டைமாடியில், கொடிக்கம்பியின் ஓரத்தில் தொங்குகிறது. ஒரு குருவிகூட எட்டிப் பார்த்ததில்லை. தூக்கிப் போடச் சொல்லி வீட்டுக்காரர் பார்க்கும்போதெல்லாம் சொல்கிறார். நான் அதில் துணிக் கிளிப்புகளைப் போட்டு வைத்திருக்கிறேன். வெயில் காலத்தில் மதியம் துணி உலர்த்தப் போய், கிளிப் எடுக்க வாசலுக்குள் கையை விட்டால் சுள்ளென்று சுடுகிறது. துளைகள் இருந்தும் சுடுகிறது. நான் வெடுக்கென்று கையை வெளியே இழுத்துக்கொள்கிறேன். என்னால் இழுத்துக்கொள்ள முடிகிறது.